ஜெயில் கோழிக்கறியும் நம்ம வரிப்பணமும்

ஜெயிலில் கோழிக்கறி போடுகிறார்கள் என்று பேப்பரில் வந்துவிட்டால் அன்றைக்கு டீக்கடையில் வேறு பேச்சு ஓடாது. 2023 ஜூலையில் புழல் சிறையில் கைதிகளுக்கான புதிய உணவுப் பட்டியலைத் தொடங்கிவைத்தபோது, இங்கே தர்மபுரியில் நான் கேட்டது எல்லாம் ஒரே வசனம்தான்: "நம்ம வரிப்பணத்துல அவனுங்களுக்குக் கறிச்சோறா?" சொன்னவர்களில் வருமான வரி கட்டுகிறவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் ஜிஎஸ்டி கட்டுகிறார்கள். அதனால் கேட்க உரிமை உண்டு.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜாமீன் மனு, வக்காலத்து, வாய்தா மனு, உறுதிமொழிப் பத்திரம் என்று நாள் முழுக்கத் தட்டுவது இதைத்தான். ஆகவே கைதிகளைப் பற்றி ஊர் பேசுவது இரண்டு விதமாகவும் என் காதில் விழும். டீக்கடை பெஞ்சில் ஒரு குரல். கடைக்குள் வந்து, "அக்கா, பையனுக்குப் போர்வை குடுத்தா உள்ள விடுவாங்களா?" என்று கேட்கும்போது இன்னொரு குரல். சில சமயம் இரண்டும் ஒரே ஆளுடையது. இதைச் சொல்லி யாரையும் மடக்கிவிட்டதாக நான் நினைக்கவில்லை. தன் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்பது ஜெயில் விஷயத்தில் மட்டுமா இருக்கிறது?

களியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு முழுக்க "களி திங்கப் போறியா" என்று மிரட்டுவார்கள். எங்கள் பக்கம் அந்த மிரட்டல் எடுபடாது. ராகிக் களியும் கீரைக் கடைசலும் எங்களுக்கு வீட்டுச் சாப்பாடு. ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி கொடுக்கும் திட்டத்தை அரசு 2023இல் முதலில் ஆரம்பித்ததே நீலகிரியிலும் தர்மபுரியிலும்தான். எனவே "கைதிக்குக் களியே போதும்" என்று இங்கே ஒருவர் சொன்னால், அவர் தன் வீட்டுச் சாப்பாட்டைத்தான் தண்டனை என்கிறார்.

ஆனால் கோழிக்கறிக் கோபத்துக்குள் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டுப் போக முடியாது. தப்பே செய்யாதவனுக்கு வெளியே இல்லாத வசதி, தப்பு செய்தவனுக்கு உள்ளே எதற்கு? எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. பல் கறைபட்டு, முட்டி வளைந்து, இடுப்பு பிடித்துப்போன ஒரு தலைமுறையே இங்கே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது 2013இல்தான். அதுவரை ஆழ்குழாயில் வந்ததைக் குடித்தார்கள். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்த் தகரக் கொட்டகையில் ஏழெட்டுப் பேராகப் படுத்துக்கொள்கிறவர்கள், ஜெயிலில் ஃபேன் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

இதற்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். கொட்டகையில் படுப்பவன் வெக்கை தாங்காவிட்டால் எழுந்து வெளியே வந்து படுக்கலாம். உடம்புக்கு முடியாவிட்டால் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடலாம். மேஸ்திரி சரியில்லை என்றால் வேறு மேஸ்திரியைப் பார்க்கலாம். சாயங்காலம் அறையைப் பூட்டிக் காலையில் திறக்கும் இடத்தில் இருப்பவனுக்கு இதில் எதுவும் கிடையாது. ராத்திரி நெஞ்சு வலித்தால் யாராவது வந்து பூட்டைத் திறந்தால்தான் உண்டு. சாவியை அரசாங்கம் வைத்துக்கொண்டால் தண்ணீருக்கும் மருந்துக்கும் கக்கூஸுக்கும் அரசாங்கம்தான் பொறுப்பு. இதை நான் கருணை என்று சொல்லவே மாட்டேன். கருணை என்றால் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம்.

வெளியே நல்ல தண்ணீர் இல்லை, அதனால் உள்ளேயும் வேண்டாம் என்பதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. அப்படிப் போனால் வெளியே இருப்பவருக்கு ஒரு சொட்டுகூடக் கூடுதலாக வராது. கைதியின் சாப்பாட்டில் மிச்சம் பிடித்த காசில் சித்தேரி மலைக்கு ரோடு போட்டார்கள் என்று யாராவது காட்டினால் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

அப்புறம், "தப்பு செய்தவன்" என்கிறோமே, அவன் யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரப்படி 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர் மீது தீர்ப்பே வரவில்லை. அவர்களில் குற்றம் செய்தவர்கள் நிறைய இருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் செய்யாதவர்களும் அதே சோற்றைத்தான் சாப்பிடுகிறார்கள், அதே தரையில்தான் படுக்கிறார்கள்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் ஒரு தனி ரகம். இது என் தொழிலோடு சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நீதிபதி ஜாமீன் உத்தரவு போட்டுவிட்டார் என்றால் கதவு திறந்துவிடும் என்று ஊரில் நினைக்கிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். அவர்களிடம் ஆதார் வேண்டும், போட்டோ வேண்டும், வீட்டு வரி ரசீதோ சிட்டாவோ வேண்டும், விஏஓ கையெழுத்து வேண்டும். ஏற்கெனவே வேறு வழக்கில் ஜாமீன் நின்றவர் என்றால் சிக்கல். சொந்தக்காரன் யாரும் லேசில் நிற்க மாட்டான், "நாளைக்கு அவன் ஓடிட்டா என் நிலம் போயிடும்" என்பான். காசு வாங்கிக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கொடுக்கக் காசு வேண்டுமே. சின்னத் திருட்டு வழக்கில் ஜாமீன் உத்தரவை மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஜாமீன்தாரரைத் தேடி அலைகிற தாய்மார்களை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

வேறு மாநிலத்தில் மாட்டிக்கொண்டவன் கதை இதைவிட மோசம். அரூர்ப் பக்கம் சித்தேரி மலையில் இருந்தும், ஜவ்வாது மலையில் இருந்தும் செம்மரம் வெட்டக் கூட்டிப்போய் ஆந்திரச் சிறைகளில் கிடந்தவர்கள் நிறைய. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட 20 தமிழர்களில் எங்கள் மாவட்டத்துக்காரர்களும் இருந்தார்கள். அந்தச் செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். கடப்பாவிலும் ராஜமுந்திரியிலும் தெலுங்கு தெரியாமல், வக்கீல் யார் என்று தெரியாமல், அந்த ஊரில் சொத்துள்ள ஒரு ஜாமீன்தாரர் கிடைக்காமல் கிடந்தவர்களை யார் நினைத்தார்கள்? செம்மரத்தில் சம்பாதித்தவன் யாரும் அங்கே தரையில் படுக்கவில்லை.

1978லேயே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறார், மோதிராம் வழக்கு. மோதிராம் ஒரு கொத்தனார். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். அண்ணன் தம்பியின் சொத்தைக் காட்டியபோது, அது வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார் மாஜிஸ்திரேட். அது தவறு என்று சொன்ன கிருஷ்ணய்யர், ஒரு தமிழனோ மலையாளியோ பஸ்தாரிலோ பஹல்காமிலோ கைதானால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று கேட்டிருக்கிறார். அந்தத் தீர்ப்புக்கு என் வயதாகிறது. உள்ளூர் ஆளாகப் பார்த்துக் கொண்டுவா என்று சொல்வதை இன்றும் கேட்கிறேன்.

இப்போது கொஞ்சம் மாறியிருப்பதும் உண்மை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவு, முதல்முறை சிக்கியவர் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும் என்கிறது. ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்குப் பொருந்தாது. வேறு வழக்குகளும் இருந்தால் பொருந்தாது. ஏழைக் கைதிகளுக்கு ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரை உதவும் மத்திய அரசுத் திட்டமும் 2023இல் வந்தது. பணம் கொடுக்கலாம். கூட வந்து கையெழுத்துப் போடும் மனிதனைத் திட்டம் கொடுக்காது.

சரி, சொகுசு விஷயத்துக்கு வருகிறேன். சொகுசு இல்லை என்று நான் சொல்லவில்லை. 2018 செப்டம்பரில் புழல் சிறைக்குள் எடுத்த படங்கள் வெளியானது ஞாபகம் இருக்கும். மெத்தை, கலர் சட்டை, செல்போன் எல்லாம் இருந்தது. பிறகு சோதனை நடந்தது, டிவிகளை எடுத்துப்போனார்கள். ஓசூரைத் தாண்டினால் பெங்களூரின் பரப்பன அக்ரஹாரா சிறை. எங்கள் பக்கத்து ஆட்கள் பெங்களூர் போகிற வழி. அங்கே சசிகலாவுக்குச் சிறப்பு வசதிகள் செய்துகொடுக்கப்படுவதாகவும் அதற்கு இரண்டு கோடி ரூபாய் கைமாறியதாகப் பேச்சு இருப்பதாகவும் 2017 ஜூலையில் சிறைத்துறை டிஐஜி ரூபா அறிக்கை கொடுத்தார். உயரதிகாரி மறுத்தார். அதே சிறையில் 2024 ஆகஸ்டில் கன்னட நடிகர் தர்ஷன் ஒரு கையில் சிகரெட்டும் இன்னொரு கையில் கோப்பையுமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த படம் வந்தது. அதிகாரிகள் இடைநீக்கம், நடிகர் பல்லாரி சிறைக்கு மாற்றம்.

இந்தப் படங்களைப் பார்த்துக் கோபப்படுவது சரிதான். எனக்கும் வந்தது. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர்கிற இடம் தப்பு. படத்தில் இருப்பது அரசாங்கம் கைதிக்குக் கொடுத்த வசதியா? காசு கொடுத்து வாங்கியது. அதைப் பார்த்துவிட்டு, "கைதிகளுக்கு வசதி ஜாஸ்தி, குறைக்கணும்" என்கிறோம். குறைக்கும்போது எது குறையும்? விதிப்படி எல்லோருக்கும் வருகிறதே, அதுதான் குறையும். காசுக்கு வருவது குறையாது, விலைதான் ஏறும். ஒவ்வொரு படம் வெளியான பிறகும் கெடுபிடி எங்கே நடக்கிறது என்று மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்கப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். சேலத்துக்குப் பஸ் ஏறிப்போய் வரிசையில் நிற்கிற கிழவியின் பையைத்தான் கவிழ்த்துக் கொட்டுகிறார்கள்.

நான் சொல்வது ஊர்க் காதுக்குத் தலைகீழாகப் படலாம். ஜெயிலுக்குள் சொகுசு வியாபாரம் படுத்துப்போக வேண்டுமானால், அடிப்படை வசதியை நன்றாக, எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். நல்ல சோறு பொதுவாகக் கிடைத்தால் தனிச் சமையலுக்கு யார் லஞ்சம் கொடுப்பான்? வீட்டுக்குப் போன் பேச விதிப்படி நேரமும் வசதியும் தாராளமாக இருந்தால், கழிவறைக்குள் ஒளித்துவைத்த செல்போனுக்கு மார்க்கெட் இருக்குமா? கொஞ்சம் இருக்கும். உள்ளே இருந்தபடி ஆள் கடத்தச் சொல்கிற ரவுடிக்கு அதிகாரப்பூர்வ போன் உதவாது, அது வேறு. ஆனால் உள்ளே போன் தேடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது பெண்டாட்டியிடம், "பீஸ் கட்டிட்டியா" என்று கேட்க நாலு நிமிடம்.

விதிப்படியே ஒரு சொகுசு இருக்கிறது, அதைப் பற்றி ஏனோ கோபம் வருவதில்லை. தமிழ்நாட்டுச் சிறைகளில் இன்னமும் 'ஏ கிளாஸ்' உண்டு. சமூக அந்தஸ்து, படிப்பு, வாழ்ந்து பழகிய முறை ஆகியவற்றைப் பார்த்துக் கட்டில், மேசை, நாற்காலி, மேம்பட்ட சாப்பாடு. ஒரே பிரிவில் ஒரே தண்டனை பெற்ற இருவரில் வெளியே மெத்தையில் படுத்தவனுக்கு உள்ளேயும் கட்டில், வெளியே பாயில் படுத்தவனுக்கு உள்ளேயும் தரை. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு இது. 1929இல் லாகூர் சிறையில் பகத்சிங்கும் தோழர்களும் இந்திய அரசியல் கைதிகளை மனிதர்களாக நடத்தச் சொல்லி உண்ணாவிரதம் இருந்தார்கள். 63 நாள் பட்டினி கிடந்து ஜதீந்திரநாத் தாஸ் செத்துப்போனார். அதற்குப் பிறகு ஏ, பி, சி என்று வகுப்புப் பிரித்துக் கொடுத்தார்கள். நல்ல சோறு கேட்டவனுக்குக் கிடைத்த பதில் அது. அந்தஸ்துதான் போகட்டும் என்றால், சாதியும் கூடவே உள்ளே போயிருக்கிறது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை கொடுப்பதும் பிரித்து வைப்பதும் அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்றுதான் சொல்லவேண்டி வந்தது. அந்த வழக்கில் பாளையங்கோட்டைச் சிறையும் பேசப்பட்டது.

சிறை உடம்பை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள எங்கள் ஊர்க்காரர்கள் லாகூர் வரை போக வேண்டாம். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்கள். 1908இல் வ.உ.சி.யோடு சேர்த்துத் தண்டனை, சிவாவுக்குப் பத்தாண்டு. மேல்முறையீட்டில் ஆறாண்டு ஆனது. வெளியே வந்தபோது தொழுநோயோடு வந்தார். தொழுநோயாளிகள் ரயிலில் ஏறக் கூடாது என்றார்கள், கட்டை வண்டியிலும் நடந்தும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925 ஜூலை 23இல் பாப்பாரப்பட்டியில் இறந்தார். அவர் தியாகி, இவனுங்க திருட்டுப் பசங்க, இரண்டும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. ஆனால் அன்றைய அரசாங்கத்தின் ரெஜிஸ்டரில் சிவாவும் தண்டனைக் கைதிதான். கிருமிக்கு யார் தியாகி என்று தெரியாது.

அதைவிட நெருக்கமான உதாரணம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். பெண்களும் கைக்குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேலம் சிறையில் அடைத்தார்கள். அந்த நாட்களில் அவர்களுக்கு ஊர் வைத்த பெயர் என்ன? கடத்தல்காரர்கள். அப்போது யாராவது, "சேலம் ஜெயிலில் வாச்சாத்திக்காரங்களுக்குப் பால் கொடுக்கறாங்களாம்" என்று சொல்லியிருந்தால், இதே டீக்கடை வசனம்தான் வந்திருக்கும். குற்றம்சாட்டப்பட்ட அதிகாரிகள், ஊழியர்கள் 269 பேர். உயிரோடு இருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்புச் சொன்னது. சரியாக 12 வருடம் கழித்து, 2023இல் அதே தேதியில், உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உள்ளே போனவர்கள் குற்றவாளிகள் இல்லை, பிடித்து உள்ளே போட்டவர்கள்தான் என்று தெரிய எத்தனை வருடம்!

இவ்வளவு பேசினாலும் ஒரு இடத்தில் என்னால் வாதாட முடியாது. 2000 பிப்ரவரி 2. இலக்கியம்பட்டியில் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று பெண்கள் கருகிச் செத்தார்கள். மூன்று பேருக்குத் தூக்கு என்றது விசாரணை நீதிமன்றம். 2010இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது, 2016இல் ஆயுளாகக் குறைத்தது, 2018 நவம்பரில் வேலூர் சிறையிலிருந்து விடுதலையே ஆகிவிட்டார்கள். அந்த வாரம் கடைக்கு வந்தவர்கள் யாரும் கோழிக்கறியைப் பற்றிப் பேசவில்லை. விட்டதைப் பற்றித்தான் பேசினார்கள். அந்தப் பெண்களின் அப்பா அம்மாவிடம் போய்க் கைதிக்கு மின்விசிறி வேண்டும் என்று என்னால் சொல்ல முடியுமா? முடியாது. சொல்லவும் கூடாது. தமிழ்நாட்டில் கைதியின் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டோர் நிதிக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு, ஆனால் அதுவும் அவர்களுக்கு ஆறுதல் ஆகாது.

எத்தனை வருடம் உள்ளே இருக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதில் பாதிக்கப்பட்டவர்களின் குரலுக்கு இடம் வேண்டும். இப்போது இருப்பதைவிட நிறையவே வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் கக்கூஸில் தண்ணீர் வருகிறதா என்பதில் அந்தக் குரலைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? பஸ்ஸை எரித்தவனோடு, மாமன் மச்சான் சண்டையில் மண்டை உடைத்துவிட்டு ஜாமீன்தாரர் கிடைக்காமல் கிடப்பவனும் அதே கக்கூஸுக்குத்தான் போக வேண்டும். ஆளுக்கு ஒரு கக்கூஸ் என்று தரம் பிரிக்க ஆரம்பித்தால் மறுபடி ஏ கிளாஸில்தான் போய் நிற்போம். தண்டனை வேண்டும் என்றால் வருடத்தில் கொடுக்கட்டும், சோற்றில் வேண்டாம்.

ஊர் அபிப்பிராயம் எவ்வளவு சீக்கிரம் இளகும் என்பதற்கும் எங்கள் நெடுஞ்சாலையே சாட்சி. 2021 பிப்ரவரி 8 அன்று தண்டனை முடிந்து சசிகலா பெங்களூரிலிருந்து சென்னைக்குக் காரில் போனார். ஓசூரிலிருந்து வழியெல்லாம் மாலை, மேளம், கும்பம். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிப் பக்கம் பட்டாசோடு வந்த கார்கள் தீப்பிடித்தே எரிந்தன. தண்டனை முடிந்தவரை வரவேற்பது தப்பில்லை. தண்டனை முடிந்து சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிற கூலிக்காரனுக்கு மட்டும் அடுத்த நாள் வேலை தர ஒருவரும் இல்லை, வீடு வாடகைக்கும் இல்லை. மாலை கேட்கவில்லை அவன்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால், பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. சிறைகளுக்கு அலுவல்சாராப் பார்வையாளர்கள் என்று வெளி ஆட்களை நியமிக்க விதியே இருக்கிறது. கட்சிக்காரர்களையும் பிரமுகர்களையும் போடாமல், ஓய்வுபெற்ற நர்ஸ், சத்துணவு அமைப்பாளர், கணக்கு வாத்தியார் இப்படிப் போடலாம். சோற்றையும் கணக்கையும் பார்க்கத் தெரிந்தவர்கள். கேண்டீன் விலைப்பட்டியலை மனு பார்க்கிற இடத்தில், வெளி ஆட்கள் கண்ணில் படும்படி ஒட்டலாம். உள்ளே ஒரு பிஸ்கட் பாக்கெட் என்ன விலை என்று வெளியே தெரிந்தால் பாதி வியாபாரம் அடங்கும். ஜாமீன் உத்தரவாகி இத்தனை நாள் ஆகியும் வெளியே போகாதவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் மாதாமாதம் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகட்டும், அங்கிருந்து நீதிபதிக்குப் போகட்டும்.

டீக்கடையில் இதைச் சொல்லிப் பார்த்தேன். பார்வையாளர், விலைப்பட்டியல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். ஜாமீன் பட்டியலுக்கும் சரி என்றார்கள். "அதெல்லாம் செய்யட்டுங்க அக்கா, நியாயம்தான். ஆனா கோழிக்கறி வேண்டாம், முட்டையோட நிறுத்திக்கட்டும்" என்றார் டீ மாஸ்டர். ஒரு முட்டைவரை வந்துவிட்டார்.